சித்திரைக்குத் தைத்த சட்டைகள்

பண்டிகை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கழுத்து வலிதான். பதினெட்டு வயதில் ஒரு தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, மலாயாவின் வடக்கே சுங்கை பட்டாணிக்கு வந்தேன். டவுனில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் என் வீட்டுக்காரரின் தையல் மிஷின். கடைக்குப் பின்னால் பலகை அடைத்த ஓர் அறையில் எங்கள் குடித்தனம். அவர் வெட்டித் தைப்பார். பொத்தான் வைப்பதும், பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூல் கட்டுகிற காஜா வேலையும் என்னுடையவை.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கடை முதலாளி தொடங்கிவிடுவார். லோரி நிறையத் துணியை ஏற்றி, மேலே பாட்டுப் பெட்டியை வைத்துப் பாடவிட்டு, பீடோங், சுங்கை லாலாங், திகாம் பத்து என்று தோட்டம் தோட்டமாகப் போவார். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் பாயை விரித்துத் துணியைக் கொட்டுவார். "பக்கத்து வீட்டுப் புள்ள புதுசு போட்டுக்கிட்டு வந்து நின்னா ஒங்க புள்ள மொகம் எப்படி இருக்கும்? நெனச்சிப் பாருங்கம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தையை எந்தத் தாயும் தாங்கமாட்டாள். மறுநாளிலிருந்து அளவுச் சட்டைகளோடு அஞ்சடியில் கூட்டம் நிற்கும்.

அந்த இரண்டு மாதமும் நான் நிமிர்ந்ததில்லை. தீபாவளி அன்று காலை பத்து மணிக்குக் கடைசி ஆள் சட்டையை வாங்கிக்கொண்டு போன பிறகு, நாங்கள் இருவரும் வெட்டுத் துணிகளுக்கு நடுவே அப்படியே தரையில் விழுந்து தூங்குவோம். மூன்று தீபாவளி இப்படித்தான் போனது. ஒரு தடவைகூட விடிவதற்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளித்ததில்லை. தூக்கத்தில் பட்டாசுச் சத்தம் கேட்டால், யாரோ சட்டை கேட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பதறி எழுந்திருக்கிறேன்.

மத்தியானம் என் அண்ணன் வருவார். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர்ப் பால் எடுக்கிற வேலை. ரொட்டி டின் நிறைய முறுக்கோடு வந்து எங்களை எழுப்புவார்.

"ஊருக்கெல்லாம் புதுசு தச்சிக் குடுத்துட்டு ரெண்டு பேரும் பழசக் கட்டிக்கிட்டுக் கெடக்குறீங்க. ஏன் மாப்ள, என் தங்கச்சிக்கு ஒரு ரவிக்க தைக்க நேரமில்லியா?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிவார். அண்ணன் விடமாட்டார். எதற்கும் பேரம் பேசுகிற ஆள் அவர். பாசாரில் ஒரு கட்டு கீரை வாங்கினாலும் ஒரு கொத்துமல்லியாவது கூடுதலாக வாங்காமல் நகரமாட்டார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சில வாரத்திலேயே கடை காலியானது. பாதித் துணியை ராணுவம் எடுத்துக்கொண்டு போனது. மீதியை முதலாளி எங்கே கொண்டுபோய் ஒளித்தாரோ தெரியாது. ஒரு நாள் கடைக் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்துவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். காலி அலமாரிகளைப் பார்த்தபோது எனக்குள் வந்தது பயமில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்பாடா என்றுதான் இருந்தது.

மிஷினை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் இருந்த தோட்டத்துக்கே போனோம். ஓர் அறையும் அடுப்படியும் உள்ள லயத்து வீடு. அண்ணன், அண்ணி, நாங்கள் இரண்டு பேர். பால் வெட்டு நின்றுபோயிருந்தது. எல்லோரும் மரவள்ளிக் கிழங்கு போட்டோம், கிழங்கையே தின்றோம். மிஷின் சாக்குப் போர்த்தி மூலையில் கிடந்தது.

அந்த வருஷத் தீபாவளிக்கு லோரி வரவில்லை, பாட்டு வரவில்லை, துணி வரவில்லை. என்றைக்குத் தீபாவளி என்று அண்ணிதான் சொன்னார். முந்தின நாள் இரண்டு தேங்காயைத் துருவிப் பாலெடுத்துக் காய்ச்சி, ஒரு சிரட்டை எண்ணெய் எடுத்து வைத்திருந்தார். விடியற்காலையில் என்னைப் பலகையில் உட்காரவைத்துத் தலையில் ஊற்றினார்.

"இந்தத் தலைக்கு எண்ண வச்சி எத்தன வருசமாச்சி? காஞ்ச வெளக்கமாறு மாதிரி இருக்கு."

அவர் விரல்கள் மண்டையில் அழுந்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து அவர் முந்தானையால் துடைத்துவிட்டார். நான் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளுத்த பழைய துணிகளைக் கட்டிக்கொண்டோம். கிழங்கை வேகவைத்து, பக்கத்துக் கிராமமான கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா கொடுத்த தென்னஞ்சர்க்கரையைப் பிசைந்து உருண்டை பிடித்தோம். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து பசியாறினோம். அண்ணன் சிரித்தார்.

"மொதலாளி இல்ல, லோரி இல்ல, பாட்டுப் பொட்டி இல்ல. தீவாளி தன்னால வந்துடுச்சி பாத்தியா? அதுக்கு வழி தெரியுது."

வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு நான் கொண்டாடிய முதல் தீபாவளி அதுதான். அதை அனுபவித்ததற்காகத்தான் சாமி என்னைத் தண்டித்ததோ என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

பங்குனி மாதம் கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக்காரத் துரை இருந்தபோது ஆபீசில் கணக்கு எழுதியவர். இப்போது ஜப்பான்காரத் துரைக்கும் அவரே. பின்னால் இரண்டு பேர் மண் நிறத்தில் துணிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"டெய்லர், நாப்பது சட்ட வேணும். சித்திர ஒண்ணுக்குள்ள முடிக்கணும். தீவாளிக்கு ஒண்ணுமில்லாமப் போச்சில்ல, அதனால வருசப் பொறப்புக்கு எல்லாருக்கும் இனாமாக் குடுக்கச் சொல்லிட்டாரு பெரிய தொர."

"எல்லாருக்கும்னா, பொம்பளைங்களுக்கு, புள்ளைங்களுக்கெல்லாம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மொதல்ல ஆம்பளைங்களுக்கு. இருவது வயசிலேர்ந்து நாப்பது வயசு வரைக்கும். மத்தவங்களுக்குப் பொறவு வரும்."

கூலியாக அரை மூட்டை அரிசியை அப்போதே இறக்கிவிட்டுப் போனார். நாங்கள் நெல்லரிசியைப் பார்த்து மாதக் கணக்காகியிருந்தது. அண்ணி அன்று சோறு வடித்தார். கஞ்சித் தண்ணீரின் வாசனையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தோம்.

அன்று மத்தியானம் கை கழுவும்போது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஏன் ஆம்பளைங்களுக்கு மட்டும்?" என்றார். நான் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. வயிறு நிறைந்திருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் எழுந்து வேலைக்குப் போனோம்.

மிஷினின் சாக்கை எடுத்தோம். மிச்சமிருந்தது ஒரே ஓர் ஊசி. நூல் போதவில்லை. அன்னாசி ஓலையை ஊறவைத்துச் சீவி நாரெடுத்து, அதைத் திரித்துக் காஜாவுக்கு வைத்துக்கொண்டேன். பொத்தான்களை அவர் சிரட்டையில் வெட்டித் துளை போட்டார். வருவோர் போவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். பெண்கள் உள்ளே வந்து துணியைத் தடவிப் பார்த்தார்கள். சாக்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு இருந்த காலம் அது. புதுத் துணியின் கஞ்சி வாசனைக்கே முகங்கள் மாறின. நாங்கள் கடையிலிருந்து ஓடிவந்த அதே பண்டிகை எங்கள் வீட்டுக்குள் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மொதச் சட்ட எனக்குத்தான் மாப்ள" என்று அண்ணன் சட்டையில்லாத மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார். "ஊருக்குத் தச்ச கை, இந்தத் தடவ வீட்டுக்கும் தைக்கட்டும்."

அவர் சட்டைக்கு மட்டும் காஜாவை இரட்டை நாரில் நெருக்கிக் கட்டினேன். அண்ணி அப்போது மூன்று மாதக் கர்ப்பம். "புள்ள பொறக்குறப்ப இதையே போட்டுக்கிட்டு நிக்குறேன்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

வருஷப் பிறப்பு அன்று காலை பெரட்டுக் களத்துக்கு எல்லோரையும் வரச்சொன்னார்கள். வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடுகிற ஆபீஸ் முன் மைதானம் அது. மாவிலை கட்டியிருந்தார்கள். ஒரு மேசை மேல் சட்டைகள் அடுக்கியிருந்தன. ஆளுக்கு ஒரு பொட்டலம் சீனியும் உண்டு. கிராணி பேர் வாசிக்க வாசிக்க ஆண்கள் போய் வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் இழுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் கூட்டத்தில் என்னைத் தேடி, பொத்தானைக் காட்டி நாக்கைத் துருத்தினார்.

"சட்ட வாங்கினவங்க இந்தப் பக்கம் நில்லுங்க" என்றார் கிராணி. நின்றார்கள்.

ஸ்டோருக்குப் பின்னாலிருந்து இரண்டு லோரிகள் வந்தன. துப்பாக்கியோடு ராணுவத்தார் இறங்கினார்கள். சயாமில் ரயில் ரோடு போடுகிற வேலை, மூன்று மாதம்தான், சோறு துணி எல்லாம் கொடுப்பார்கள் என்று கிராணி காகிதத்தைப் பார்த்து வாசித்தார். அவர் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பெண்கள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் ரப்பர் மரங்களுக்குள் ஓடினான். யார் எவர் என்று ராணுவத்தாருக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. நாங்கள் தைத்த புதுச் சட்டை மரங்களுக்கு நடுவில் தெரிந்தது. பிடித்து இழுத்து வந்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, என் மச்சான விட்டுடுங்க. வீட்டுல புள்ளத்தாச்சி. அவருக்குப் பதிலா என்னை ஏத்துங்க."

கிராணி ராணுவத்தானிடம் ஏதோ சொன்னார். அவன் துப்பாக்கிக் கட்டையால் என் வீட்டுக்காரரின் நெஞ்சில் தள்ளினான். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டெய்லர் வேணுமாம். இன்னும் சட்ட தைக்கணுமாம்."

அண்ணன் லோரியின் பலகைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி அழுதுகொண்டே லோரியோடு கூடவே நடந்துகொண்டிருந்தார். "மூணு மாசம்தானே, அழுவாத" என்று அண்ணன் அவரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, அண்ணிய பாத்துக்க" என்றார். லோரி திரும்பிப் போய்விட்டது. மேசை மேல் யாரும் வாங்காத ஒரு பொட்டலம் சீனி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றினார். கக்கூசுக் குழியில் போட்டுவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துக் கிராணி அடுத்த கட்டுத் துணியோடு வந்தார்.

"ஊசி ஒடஞ்சி போச்சி ஐயா. எங்கியும் கெடைக்கல."

கிராணி ஊசியில்லாத மிஷினைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, அப்படியே எழுதிக்கிறேன்" என்று துணியைத் தூக்கச்சொல்லித் திரும்பிவிட்டார். அவரையும் முழுசாக வெறுக்க என்னால் முடியவில்லை. அதுவே பெரிய பாரமாக இருந்தது.

மூன்று மாதம் ஆறு மாதமானது. லயத்தில் யாரும் எங்களோடு பேசவில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். கடைசி வீட்டுக்காரி ஒருத்திதான் முகத்துக்கு நேரே கேட்டாள். அவள் புருஷனும் போனவன். மூன்று பிள்ளைகள்.

"ஒங்க வூட்டுக்காரரு சட்ட தைக்காம இருந்தா எம் புருசன் அங்க போயி நின்னிருப்பானா? அரிசிச் சோறு ருசியா இருந்துச்சா?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணியும் அதையேதான் மனசில் நினைக்கிறாரோ என்ற பயம் வேறு. அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐப்பசிக்கு இரண்டு வாரம் முன்னால் பெண் குழந்தை பிறந்தது.

தீபாவளி வரப்போவதை அந்தத் தடவை யாரும் பேசவில்லை. பேசினால் எல்லோருக்கும் அந்தப் பெரட்டுக் களம்தான் ஞாபகம் வரும். மாவிலையைப் பார்த்தாலே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பண்டிகையைக் கண்ணியில் இரையாக வைத்து ஆளைப் பிடித்தவர்கள், அந்தப் பண்டிகையையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டார்கள் என்று தோன்றியது. முதலாளி பாய் விரித்தபோது செய்ததும் கொஞ்சம் இதுதானே என்றும் தோன்றியது. அவர் காசைக் கேட்டார், ஆளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் நான் தேங்காய் சேர்க்க ஆரம்பித்தேன். விழுந்தது, முளைவிட்டது, அணில் கடித்தது எல்லாம். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது. அண்ணியின் விரல்கள் என் மண்டையில் அழுந்தியது மட்டும் ஞாபகம் இருந்தது. துருவித் துருவிக் கை தோலுரிந்தது. என் வீட்டுக்காரர் விறகு வெட்டிக் கொடுத்தார். ஒரு மண்சட்டி நிறைய எண்ணெய் வந்தது.

தீபாவளி காலையில் அண்ணிக்குத் தேய்த்தேன். குழந்தையின் உச்சியில் ஒரு சொட்டு வைத்தேன். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்தில் ஆள் போன வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் வெளியே அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைக்குத் தேய்த்துவிட்டு, திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். கால் வலித்தது. மனசும்.

கடைசி வீட்டு வாசலில் அவளே நின்றுகொண்டிருந்தாள். நான் சட்டியைக் கீழே வைத்தேன். அவள் பிள்ளைகள் மூன்று பேரையும் கூப்பிட்டாள். மூன்று தலைக்கும் தேய்த்தேன். முடித்துவிட்டு எழுந்தபோது, அவள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு என் முன்னால் வந்து குந்தினாள்.

"நல்லா அழுத்தித் தேயி. தல எரியுது" என்றாள்.

தேய்த்தேன். அவள் என்னை மன்னித்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கும் பிறகும் அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெயில் ஏறி வெகுநேரம் வரை எழுந்திருக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. மூடிய இரண்டு கதவுகளும் அதற்குள் திறந்திருந்தன.

சண்டை முடிந்த பிறகு, போன நாற்பது பேரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை. கடைசி வீட்டுக்காரியின் புருஷனும் வரவில்லை. அண்ணனோடு ஒரே கொட்டகையில் இருந்த ஒருவர் இடுப்பில் கோவணத்தோடு வந்து சேர்ந்தார். காலில் புண் ஆறவே இல்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்து இரண்டே நாளில் அண்ணன் போய்விட்டார் என்றார். அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனார்.

வந்தவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். "சட்டைய ரெண்டாவது மாசமே வித்துட்டோம்மா. சயாம்காரப் பொம்பளைங்க முட்ட கொண்டாருவாங்க. சட்டைக்கு மூணு முட்டைன்னு எல்லாருக்கும் ஒரே வெல. ஒங்க அண்ணன் மட்டும் ஒத்துக்கல. பொத்தான் தொளயக் காட்டி, இத பாரு, எந் தங்கச்சி கட்டுனது, பிரியவே பிரியாது, இன்னொண்ணு குடுன்னு சண்ட போட்டாரு. அந்தப் பொம்பளைக்குத் தமிழும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. சிரிச்சிக்கிட்டே நாலு குடுத்தா. கூடக் கெடச்சதக் காச்சல்ல கெடந்த எனக்குக் குடுத்துட்டாரு."

நான் அன்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து தோளைப் பிடித்த பிறகுதான் நின்றது.

முதலாளி திரும்பி வந்தார். கடைக் கதவின் பலகையைப் பிடுங்கினார். நாங்களும் அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அதே அறைக்கு வந்தோம். வேறு தொழில் என்ன தெரியும்? இரண்டு வருஷத்தில் லோரியும் பாட்டுப் பெட்டியும் பழையபடி தோட்டங்களுக்குப் போயின. அளவுச் சட்டைகள் அஞ்சடியில் குவிந்தன. நான் குனிந்து காஜா கட்டினேன். ஒன்றுதான் மாறியது. தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் மிஷினுக்குச் சாக்கைப் போர்த்திவிடுவார். முதலாளி ஏசுவார், ஆட்கள் ஏசுவார்கள். அவர் காது கேட்காதவர் மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். நானும் அண்ணியும் தேங்காய் எண்ணெய்ச் சட்டியோடு தோட்டத்துக்கு வண்டி ஏறுவோம். கால் நடக்கிறவரை அண்ணி வந்தார். அவர் போன பிறகு இரண்டு வருஷம் நான் மட்டும் போனேன். பிறகு அந்த லயத்தையே இடித்துவிட்டார்கள்.

போன தீபாவளிக்கு அண்ணன் மகள் என்னைப் பெரிய கடைவளாகத்துக்குக் கூட்டிப்போனாள். பாட்டுச் சத்தம், தள்ளுபடி அட்டைகள், நிற்க இடமில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற வயசு போய்விட்டது. சேலைப் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வாரில் பிதுங்கியிருந்தன.

"ஒக்காரேம்மா" என்றேன்.

"மேனேஜர் ஏசுவாரு ஆன்ட்டி. கஸ்டமர் இருந்தா ஒக்காரக் கூடாதுலா."

"தீவாளி அன்னிக்காவது லீவா?"

"காலையில பாதி நாள் கட தொறக்குது."

அவளுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டூல் இருந்தது. நான் மேனேஜர் நின்ற பக்கம் முதுகைக் காட்டி அவளை மறைத்துக்கொண்டேன். ஒரு சேலையை எடுத்து முழுசாகப் பிரித்து உயர்த்திப் பிடித்தேன். "ஒக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். பிறகு இன்னொன்றைப் பிரித்தேன். கரையைப் பார்ப்பது போலவும், நிறத்தைப் பார்ப்பது போலவும் ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்துக்கொண்டே இருந்தேன். கை வலித்தது. அண்ணன் மகள் வந்து, "இன்னுமா ஒண்ணும் புடிக்கல?" என்று கேட்டாள்.

"இல்ல, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.